கதவோரம் நிற்கும் கேமரா

35 எம்எம் ஃபிலிம் 1000 அடிச் சுருள் ஒன்றைக் கேமராவில் ஏற்றினால் பத்துப் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஊடக முதலாளி லோகன் ராய்க்குப் பிறகு நிறுவனம் யாருக்கு என்று அவர் பிள்ளைகள் மோதிக்கொள்ளும் அமெரிக்கத் தொடர் 'சக்செஷன்'. அதன் நான்காம் சீசன், மூன்றாவது எபிசோடில் படகில் இருக்கும் ராய் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஃபோன் வருகிறது: அப்பா விமானத்தில் மயங்கி விழுந்துவிட்டார், நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்த நீளமான காட்சியைப் பகுதி பகுதியாக எடுத்து முடித்த பிறகு, அரை மணி நேரத்தை நெருங்கும் ஒரே டேக்காகவும் எடுத்துப் பார்க்கலாம் என்றார் இயக்குநர் மார்க் மைலோட். பத்து நிமிடச் சுருளை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது?

வழக்கமாக இரண்டு கேமராக்களில் படமாகும் தொடர் இது. இதற்காக மூன்றாவது ஒன்று சேர்ந்தது. எல்லாச் சுருளும் ஒரே நேரத்தில் தீராதபடி முன்பின்னாக ஓடவிட்டார்கள். ஃபிலிம் ஏற்றிய மாற்றுக் கேமராக்களைப் படகுக்குள் அங்கங்கே ஒளித்து வைத்து, ஒன்று தீரும்போது இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். நடிகர்கள் எங்கும் நிற்கவில்லை. மேல்தளம், கீழ்தளம், தனியறை என்று அலைந்து, ஃபோனைக் கைமாற்றிக்கொண்டே போனார்கள். 2023 ஏப்ரல் 9 அன்று ஒளிபரப்பானதில் அந்த ஓட்டத்திலிருந்து எடுத்தாண்ட பகுதிகள் நிறைய.

(தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கடைசி எபிசோடு வரை பேசப்போகிறேன்.)

இந்தத் தொடரைப் பற்றிய பேச்செல்லாம் வசைமொழியின் கூர்மையிலும் பணக்காரர்களின் உடையிலும் நின்றுவிடுகிறது. என் கருத்து வேறு. இதைப் பெரிய தொடராக்கியது தயாரிப்பு முழுவதும் விடாமல் காப்பாற்றிய ஒரு விதி: அடுத்து என்ன நடக்கும் என்று காட்சிக்குள் இருக்கும் யாருக்கும் முன்கூட்டித் தெரியக்கூடாது. கேமராவைப் பிடித்திருப்பவருக்கும்தான்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். தொடரை உருவாக்கிய ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் பிரிட்டிஷ் நகைச்சுவை எழுத்தாளர். ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் குடும்பம் ஒரு பிறந்தநாளுக்குக் கூடுவதை வைத்து அவர் எழுதிய திரைக்கதை, படமாகாத நல்ல திரைக்கதைகளைப் பட்டியலிடும் ஹாலிவுட்டின் பிளாக் லிஸ்டில் 2010இல் இடம்பெற்றது. ஆனாலும் படமாகவில்லை. நிஜப் பெயரை விட்டுவிட்டுக் கற்பனைக் குடும்பம் ஒன்றை உருவாக்கியதும்தான் வழி திறந்தது. மர்டாக், ரெட்ஸ்டோன், மேக்ஸ்வெல் என்று எந்த ஊடக முதலாளிக் குடும்பத்திலிருந்தும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. உண்மைக் கதையாக எடுத்திருந்தால் முடிவு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கற்பனைக் குடும்பத்தில் யார் ஜெயிப்பார் என்று எந்தச் செய்தித்தாளைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பிறந்தநாள் மட்டும் மிஞ்சியது: முதல் எபிசோடு லோகன் ராயின் 80ஆவது பிறந்தநாள். அதற்கான வசன வாசிப்பு நடந்த நாள் 2016 நவம்பர் 8, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள்.

நடிகர்களை எவ்வளவு இருட்டில் வைத்திருந்தார்கள் என்பதற்கு லோகனாக நடித்த பிரையன் காக்ஸ் நல்ல உதாரணம். லோகன் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிறந்தவரான காக்ஸ் அதை அப்படியே ஏற்று நடித்துக்கொண்டிருந்தார். முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் லோகனின் பிறந்த ஊர் டண்டீ என்று மாறியது. அதுவும் சக நடிகர் ஒருவர் சொல்லித்தான் காக்ஸுக்குத் தெரிந்தது. ஒரு பெரிய நடிகருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? ஆனால் திரையில் கிடைத்த பலனைப் பாருங்கள். தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத கிழவனின் முகம் நமக்குக் கிடைத்தது.

நடிகர் தேர்விலும் இந்த நழுவல் உண்டு. கீரன் கல்கினிடம் கேட்டது ராய்களின் உறவுக்காரப் பையன் கிரெக் பாத்திரத்துக்கு. படித்துப் பார்த்தவர், லோகனின் இளைய மகன் ரோமன்தான் தனக்கானவன் என்று அந்த வசனங்களைப் பேசி அனுப்பினார். ஜெரமி ஸ்ட்ராங் முதலில் ஆசைப்பட்டது அதே ரோமனுக்கு. அது கைநழுவிப் போய், அப்பாவின் நாற்காலிக்கு ஏங்கும் மகன் கெண்டல் வந்து சேர்ந்தான். விரும்பிய நாற்காலி கிடைக்காத ஒருவர் கெண்டலாக நடித்தார் என்பதை நான் வெறும் தற்செயலாகப் பார்ப்பதில்லை.

இனி கேமரா. முதல் எபிசோடை இயக்கியவர் ஆடம் மெக்கே, ஒளிப்பதிவு ஆண்ட்ரி பரேக். அங்கே உருவான முறைதான் கடைசிவரை நின்றது: தோளில் கேமரா, ஜூம் லென்ஸ், கூட்டத்துக்குள் நுழைந்து முகங்களைத் தேடும் ஆவணப்பட நடை. யாராவது மட்டமாக ஒன்றைச் சொன்னதும் கேமரா சட்டென்று திரும்பும், ஜூம் கொஞ்சம் முன்னே போகும், எதிரே இருப்பவரின் முகம் சுருங்குவதைப் பிடிக்கும். சில நேரம் அரை நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தை வெட்டி எறியாமல் வைத்ததுதான் இவர்களுடைய துணிச்சல். அழைப்பில்லாமல் கதவோரம் வந்து நிற்கும் ஒருவரின் பார்வை அதிலிருந்துதான் வருகிறது.

பார்க்க எளிதாகத் தெரியும் இந்த முறை மற்ற துறைகளின் கழுத்தில்தான் போய் உட்காரும். கேமரா எந்தப் பக்கமும் திரும்பலாம் என்றால் தரையில் விளக்கு வைக்க இடமில்லை. வெளிச்சம் ஜன்னல் வழியாகவோ, கூரையிலிருந்தோ, காட்சியிலேயே எரியும் மேசை விளக்கிலிருந்தோ வந்தாக வேண்டும். இரண்டு கேமராக்கள் ஒன்றையொன்று படம்பிடித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நடிகர் எங்கே நிற்பார் என்று தரையில் குறி போடாவிட்டால் ஃபோகஸ் பிடிப்பவர் தூரத்தைக் கண்ணாலேயே கணிக்க வேண்டும். ஜூமை முழுக்க நீட்டி முகத்தை நெருங்கியிருக்கும்போது ஓர் அடி தவறினாலும் முகம் மங்கிவிடும். ஒலிப்பதிவுக்கு இன்னும் கஷ்டம். பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் பேசும் சாப்பாட்டு மேசையில் பூம் மைக்கை நீட்டினால் அகலமான ஷாட்டில் தெரிந்துவிடும். ஒவ்வொருவர் சட்டைக்குள்ளும் மைக் போனால், ஒருவர் வசனம் அடுத்தவர் மைக்கிலும் விழும். படத்தொகுப்பில் ஒரு டேக்கின் முகத்தையும் இன்னொரு டேக்கின் குரலையும் சேர்க்கும்போது பின்னால் கேட்கும் பேச்சு பொருந்தாது. இத்தனை தொல்லையையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

ஃபிலிம் தன் பங்குக்குத் தொல்லை தரும். டிஜிட்டலில் எடுத்தால் அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். நெகட்டிவ் லேப்புக்குப் போய்க் கழுவி வரும்வரை தூசியோ கீறலோ விழுந்திருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வெளிநாட்டுப் படப்பிடிப்பில் கழுவாத சுருள் விமான நிலையத்தின் சக்திவாய்ந்த ஸ்கேனருக்குள் போய்விட்டால் ஒரு நாள் உழைப்பு மங்கிப்போகும். ஆனால் ஃபிலிம் ஓடும்போது காசு ஓடுகிறது என்று அந்த இடத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதற்றம் நடிப்புக்குள் இறங்குகிறது. தோலின் நிறத்தை, வெளிச்சம் குறைந்த அறையின் நிழலை ஃபிலிம் வாங்கும் விதம் வேறு என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

எழுத்தும் இதே விதிக்குள்தான். கதையைக் கட்டும் எழுத்தாளர்கள் அறை லண்டனில். டோனி ரோச், லூசி பிரெபிள், ஜார்ஜியா பிரிட்செட், ஜான் பிரவுன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பிரதி முடிந்தால் வீட்டுக்குப் போய்விடும் வேலை அல்ல அது. படப்பிடிப்புத் தளத்திலும் எழுத்தாளர் இருப்பார், மாற்று வசனங்கள் தயாராக இருக்கும். எழுதியபடி எடுத்து முடித்ததும் நடிகர்கள் விருப்பம்போலப் பேசிப் பார்க்க ஒரு டேக் விடுவார்கள். இதைச் சிலர் 'எல்லாமே அப்போதைக்கப்போது பேசியது' என்று எழுதுகிறார்கள். தப்பு. திரையில் வருவதில் பெரும்பகுதி எழுதி வைத்த வசனம்தான். சுதந்திரமான டேக்கின் உண்மையான பயன் எதிரே நிற்பவருக்கு: இந்தத் தடவை என்ன வந்து விழும் என்று தெரியாததால் அவர் உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்கிறார்.

பணத்தைக் காட்டிய விதத்தில் எனக்குத் தனி மரியாதை உண்டு. பெரும் பணக்காரர்கள் எப்படி நடமாடுவார்கள் என்று சொல்லவே ஆலோசகர்களை வைத்திருந்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும்போது தலையைக் குனியாதீர்கள் என்றார் ஒருவர். வாழ்நாள் முழுவதும் அதில் ஏறி இறங்கியவருக்கு இறக்கை எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது என்று தெரியும். உடை வடிவமைப்பாளர் மிஷெல் மாட்லண்ட் கெண்டலுக்குக் கொடுத்த தொப்பியில் பெயர் பளிச்சிடாது, விலை தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். இங்கிலாந்தின் ஈஸ்ட்னர் கோட்டை, குரோஷியாக் கடலில் சொகுசுக் கப்பல், இத்தாலி, நார்வே என்று எங்கெங்கோ போனார்கள். எங்கும் கேமரா வாயைப் பிளந்து நிற்கவில்லை, பாத்திரங்களும் ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாம் சீசனில் ஹங்கேரி வேட்டை மாளிகை என்று வருவது நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள ஓஹேக்கா கோட்டை. பெரிய மனிதர்களைத் தரையில் பன்றிபோல் தவழவிடும் அந்த இரவுதான் நினைவில் நிற்கிறது, மாளிகை நிற்பதில்லை. அந்த எபிசோடை இயக்கிய பரேக்குக்கு 2020இல் எம்மி கிடைத்தது.

இசையில் நிக்கலஸ் பிரிட்டெல் செய்தது இதன் மறுபக்கம். சற்றே சுருதி பிசகிய பியானோ, கம்பி வாத்தியங்களின் பழைய கம்பீரம், அடியில் ஹிப்ஹாப் தாளம். காட்சி எவ்வளவு கேலிக்கூத்தாக இருந்தாலும் இசை சிரிக்காது. ராய்கள் தங்களை எவ்வளவு பெரிய ஆட்களாக நினைத்துக்கொள்கிறார்களோ, அவ்வளவு பெரிதாக அது ஒலிக்கும்.

வியாபாரக் கணக்கைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பயம் கட்டப்பட்டிருப்பது அதன்மேல்தான். முதல் சீசனில் லோகன் பங்குகளை அடகு வைத்து வாங்கிய கடன் தெரியவருகிறது: பங்கு விலை 130 டாலருக்குக் கீழே போனால் முழுக் கடனையும் கட்ட வேண்டும். இப்படி ஒன்று நிஜத்தில் நடந்திருக்கிறது. 2008 சரிவில் வயாகாம், சிபிஎஸ் பங்குகள் விழுந்ததும் ரெட்ஸ்டோன் குடும்பத்தின் நிறுவனம் கடன் நெருக்கடியில் சிக்கிப் பங்குகளை விற்றது. மூன்றாம் சீசன் முடிவில், அம்மாவின் விவாகரத்து ஒப்பந்தத்தில் பிள்ளைகளுக்கு இருந்த, நிறுவனம் கைமாறுவதைத் தடுக்கும் உரிமையை அம்மாவே விட்டுக்கொடுக்கிறாள். கடைசி எபிசோடில் நிறுவனத்தை விற்பதா என்ற வாக்கெடுப்பு 7க்கு 6. ஒரே ஒரு வாக்கில் நிற்பதால்தான் மகள் ஷிவ் அறையை விட்டு வெளியே நடக்கும் அந்தச் சில நிமிடங்கள் மூச்சை அடைக்கின்றன. எண் மங்கலாக இருந்திருந்தால் அந்த நடை வெறும் கோபமாகத்தான் தெரிந்திருக்கும்.

குறையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் சீசனின் முற்பகுதி ஒரே இடத்தில் சுற்றுகிறது. கெண்டல் கலகம் செய்துவிட்டான், அப்பா அசையவில்லை, பிள்ளைகள் அணி மாறி மாறி நிற்கிறார்கள், கத்தி யார்மேலும் இறங்கவில்லை. லோகன் இருக்கும்வரை எந்த முடிவையும் அவரால் திருப்பிப் போட்டுவிட முடியும். அதனால் எந்தத் தோல்வியும் கடைசித் தோல்வி இல்லை. நான்காம் சீசனோடு முடிக்கலாம், அதிலும் மூன்றாவது எபிசோடிலேயே அவரைச் சாகவிடலாம் என்று ஆம்ஸ்ட்ராங் எடுத்த முடிவை இந்தத் தேக்கத்துக்கான மருந்தாகவே பார்க்கிறேன். வழக்கமாக இறுதிக்கு ஒத்திப்போடும் சாவை முன்னே கொண்டுவந்ததால், மிச்சம் ஏழு எபிசோடுகள் துக்கத்துக்கும் பேரத்துக்கும் கிடைத்தன.

அதைப் படமாக்கிய விதத்திலும் விதி மீறப்படவில்லை. பிள்ளைகளுக்கு அப்பாவின் முகம் காட்டப்படுவதில்லை. மறுமுனையில் காதருகே ஃபோனைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள், அவர் கேட்கிறாரா என்று தெரியாது. என்ன பேசுவது என்றே தெரியாமல் ஒவ்வொருவரும் ஏதோ உளறுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அறிக்கையில் எந்த வார்த்தை வேண்டும், பங்குச் சந்தை மூடுவதற்குள் சொல்ல வேண்டுமா என்ற பேச்சு வந்துவிடுகிறது. ரகசியத்தைக் காப்பாற்ற, நியூயார்க் பார்க் அவென்யூ தேவாலயத்தில் இறுதிச்சடங்குக் காட்சி எடுத்தபோது காக்ஸையும் அங்கே வரவழைத்தார்கள். வெளியே காத்திருந்த புகைப்படக்காரர்கள் லோகன் உயிரோடு இருக்கிறார் என்று நம்பட்டும் என்று.

அந்த எபிசோடை மர்டாக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் பார்த்தார்கள். தங்கள் அப்பா இறந்தால் வெளியே என்ன சொல்வது என்று பிள்ளைகள் தரப்பு அதன் பிறகு பேசத் தொடங்கியதையும், மகள் எலிசபெத் மர்டாக்கின் பிரதிநிதி 'சக்செஷன்' குறிப்பு என்றே ஒன்றை எழுதியதையும் நெவாடா நீதிமன்ற வழக்கின் ஆவணங்களிலிருந்து 2024 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அந்த வழக்கு குடும்ப அறக்கட்டளையின் விதியை மாற்றுவது பற்றியது. முதல் எபிசோடில், பிறந்தநாளன்று, லோகன் பிள்ளைகளிடம் கையெழுத்துக் கேட்டதும் அதற்குத்தான்.