காட்டரிசி ஓர் உணவு மட்டுமன்று

வட அமெரிக்கப் பழங்குடியினரான அனிஷினாபே மக்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, நீரில் வளரும் புல்வகையின் தானியமான அவர்களின் காட்டரிசியை ‘உணவுப் பழக்கம்’ என்ற ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்குக் குறையாகப் படுகிறது. அட்லாண்டிக் கரையோரம் வாழ்ந்த முன்னோர், நீரின்மேல் உணவு விளையும் இடத்தை அடையும்வரை மேற்கே செல்லுமாறு தீர்க்கதரிசிகளால் பணிக்கப்பட்டு, பல தலைமுறைகளாக இடம்பெயர்ந்து சுப்பீரியர் ஏரிப் பகுதியை வந்தடைந்தனர் என்கிறது அவர்களின் வாய்மொழி வரலாறு. மனூமின் எனப்படும் இந்தக் காட்டரிசிதான் அந்த உணவு.

கோடை முடியும் தருவாயில், ஒருவர் நீண்ட கழியால் படகை உந்திச் செல்ல, அமர்ந்திருக்கும் மற்றவர் ஒரு கோலால் கதிர்களைப் படகுக்குள் வளைத்து மறு கோலால் மெல்லத் தட்டுவார். முதிர்ந்த மணிகளே உதிரும். நீரில் விழுபவை அடுத்த விளைச்சலுக்கு விதையாகும். பின்னர் அதை வறுத்து, மென்தோல் காலணியுடன் மிதித்து உமி நீக்கி, பிர்ச் மரப்பட்டைத் தட்டில் புடைப்பார்கள்.

அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட 1837ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இன்றைய மினசோட்டா, விஸ்கான்சின் பகுதிகளில் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தபோதும், வேட்டை, மீன்பிடிப்புடன் காட்டரிசி சேகரிக்கும் உரிமையையும் பெயர் சொல்லியே எழுதி வாங்கினர் அனிஷினாபே மக்களில் ஒரு பிரிவினரான ஒஜிப்வேயின் தலைவர்கள். (இதையேனும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.) 1850இல் அதிபர் டெய்லரின் ஆணை அவ்வுரிமையைப் பறித்தது, அதே ஆண்டு, ஒப்பந்தத் தொகையைத் தொலைவிலுள்ள சாண்டி ஏரிக்கு வந்து பெறுமாறு வரவழைக்கப்பட்டவர்களில் சுமார் 400 பேர் நோயாலும் பசியாலும் குளிராலும் மாண்டனர். அந்த ஆணை செல்லாது, உரிமை நீடிக்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மில் லாக்ஸ் என்ற ஒஜிப்வே குழுவினரின் வழக்கில் தீர்ப்பளித்தது 1999இல்தான், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில்.