முதல் செமஸ்டரைத் தாண்டிவிடு, கண்ணு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எதிர் வீட்டு அக்கா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். 600க்கு 431. "கவர்மெண்ட் காலேஜ்ல கிளாஸே நடக்காதாம். வட்டிக்கு வாங்கியாவது பிரைவேட்ல சேத்துடலாம்னு இவங்க அப்பா சொல்றாரு. நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

வட்டிக்கு வாங்காதீங்க அக்கா என்றேன். சென்னை அரசுக் கல்லூரியில் படித்துத்தான் நானும் இன்று சம்பளம் வாங்குகிறேன். மீஞ்சூரிலிருந்து மூன்று வருஷம் லோக்கல் ரயிலில் போய் வந்தவள் நான். 1840இல் தொடங்கி, இப்போது சேப்பாக்கத்தில் இருக்கிற மாநிலக் கல்லூரியில்தான் சர் சி.வி. ராமன் படித்தார், வானியற்பியல் விஞ்ஞானி சந்திரசேகரும் படித்தார். மெரினாவைப் பார்த்தபடி 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரிதான் இந்த ஊரின் முதல் பெண்கள் கல்லூரி. தலைமைச் செயலகம் கட்டுவதற்காக அதை இடிக்கப்போகிறார்கள் என்றபோது, 2003இல் மாணவிகளே போராடிக் காப்பாற்றினார்கள். வேறு வழியில்லாதவர்கள் ஒதுங்குகிற இடம் என்று இவற்றைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். எல்லா அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் ஒரே இணையதளம்தான், டிஎன்காசா (TNGASA). கொரோனா வந்த 2020இல் ஆன்லைனுக்கு மாறியது. விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகள் அந்த 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். இத்தனை மலிவாக இருந்தும் பிள்ளைகள் கோட்டை விடுவது பிரவுசிங் சென்டரில். கடைக்காரர் தன் மொபைல் நம்பரையும் தன் மெயில் ஐடியையும் போட்டு அனுப்பிவிடுவார். கவுன்சலிங் தேதி அவர் போனுக்குத்தான் வரும். நம் பிள்ளை வீட்டில் காத்துக்கிடக்கும், தேதி போய்விடும். வீட்டில் எப்போதும் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிற நம்பரையே கொடுங்கள். உங்கள் கண் முன்னால் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் கல்லூரியிலேயே உதவி மையம் இருக்கிறது, அங்கே போய்ப் போடுங்கள்.

இன்னொன்று, ரேங்க் ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனி. மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400க்குத்தான் ரேங்க் போடுவார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். அதனால் 431 என்கிற மொத்தத்தைப் பார்த்து அழுவதில் பொருளில்லை. இந்தப் பெண்ணுக்குத் தமிழில் 94. அதை யாருமே கவனிக்கவில்லை, நான்தான் எடுத்துக் காட்டினேன்.

முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்றால் உடனே கடன் வாங்க ஓடாதீர்கள். இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆரம்பித்ததும் இங்கே சேர்ந்தவர்கள் பலர் டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள், இடம் காலியாகும். எனக்கே அப்படித்தான் கிடைத்தது. பி.காம். கேட்டேன், புள்ளியியல்தான் இருக்கிறது என்றார்கள். அன்று ரயிலில் எண்ணூர் வரும்வரை அழுதேன். பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டும் முதலில் நிரம்பும். புள்ளியியல், புவியியல் எல்லாம் கடைசி வரை ஆளில்லாமல் கிடக்கும். ஆனால் புள்ளியியல் படித்தவர்களுக்கு டிஎன்பிஎஸ்சியில் பதவிகள் உண்டு, யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் உண்டு. இதை அன்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

தமிழ் மீடியம் விஷயத்தையும் யோசியுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அரசு வேலைதான் குறி என்றால், இங்கிலீஷ் மீடியம் என்று பெருமையாக டிக் அடிப்பதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள்.

சீட் வாங்குவதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் என் கவலையெல்லாம் அதற்கப்புறம்தான். என்னோடு சேர்ந்தவர்களில் பாதியில் நின்றவர்கள் யாரும் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. ராத்திரி கேட்டரிங் வேலை, மதியம் ஜவுளிக்கடை, காலையில் தூக்கம். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் அரியர் விழும். அதைப் பார்த்து வெட்கப்பட்டு இரண்டாவது செமஸ்டருக்கு வரமாட்டார்கள். யாரும் தேடிப் போகவும் மாட்டார்கள். ஒரு பிள்ளை பத்து நாள் வரவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு போன் போடுவது கல்லூரியின் கடமை இல்லையா? ஆசிரியர் இடங்களை நிரந்தரமாக நிரப்பாமல், கௌரவ விரிவுரையாளர்களின் குறைந்த சம்பளத்தில் வகுப்பை ஓட்டினால் அந்தப் போனை யார் போடுவது? "கிளாஸே நடக்காதாம்" என்று அக்கா கேள்விப்பட்டதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. இதை அரசு சரிசெய்தே ஆக வேண்டும்.

எனக்கும் முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். ஆங்கிலமும் கணக்கும். மேஜர் பாடமெல்லாம் ஆங்கிலத்தில், ப்ளஸ் டூ வரை நான் படித்தது தமிழில். நிகழ்தகவு என்று படித்ததைத்தான் ப்ராபபிலிட்டி என்கிறார்கள் என்று புரியவே ஒரு மாதம் ஆனது. ஒரு கௌரவ விரிவுரையாளர் மேடம்தான், "சாயங்காலம் அரை மணி நேரம் இருந்துட்டுப் போ" என்றார். தினமும் பத்து வார்த்தை, தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது செமஸ்டரில் இரண்டையும் எழுதித் தேறினேன். அந்த மேடத்துக்கு அப்போது நான்கு மாதச் சம்பளம் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்று பிள்ளைகளுக்கு நமக்கில்லாத சில கைப்பிடிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஏசியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கலாம், எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. அந்த 1000 ரூபாய் பெண்ணின் சொந்தக் கணக்கில் விழ வேண்டும். அதற்கு ஆதாரை வங்கியில் இணைக்கிற வேலையை இப்போதே முடித்துவிடுங்கள். அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: அது அவளுடைய பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வந்த பணம்.

திங்கட்கிழமை எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கவுன்சலிங். பி.ஏ. தமிழுக்குப் போகிறாள். டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக், போட்டோ எல்லாவற்றையும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போட்டாயிற்று. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போகிறேன். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் யாருக்காவது ஃபார்ம் போடத் தெரியவில்லை என்றால் இன்பாக்ஸில் வாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பதில் போடுவேன்.