கவாத்துக்கு ஒரு தேதி

2023-ல் ஒரு நாள் காலை, கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து போன். "தம்பி, இன்னைக்குப் பட்டுவாடா. பாதிப் பேருக்கு ரசீது வருது, பாதிப் பேருக்கு வரல. இலை போட்டவங்க எல்லாம் வெளிய நிக்கிறாங்க." கணக்குப்பிள்ளை அண்ணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றும் போடவில்லை. அதனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஓய்வு நேரத்தில் நான் பராமரிக்கும், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல் உண்டு. ரூபாய்த் தொகையை எழுத்தில் மாற்றிக் கொடுக்கும். 1,240 என்றால் 'ஆயிரத்து இருநூற்று நாற்பது'. (எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு, எண்ணூறுக்கு அப்புறம் தொள்ளாயிரம் என்று நம் எண்கள் ஒரு படி தாவிப் போவதைச் சமாளிக்க நான் பட்ட பாடு தனிக் கதை.) 'ஆயிரம்' என்பது 'ஆயிரத்து' ஆக வேண்டுமானால் கடைசி 'ம்'-ஐ வெட்டி 'த்து' ஒட்ட வேண்டும். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் 'ம்', எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் யூனிகோடில் இரண்டு குறியீடுகள்: ம ஒன்று, புள்ளி ஒன்று. கடைசி இரண்டைக் கழி என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். நன்றாகவே ஓடியது. பைத்தானின் 3.9 பதிப்பில் ரிமூவ்சஃபிக்ஸ் என்று இதற்கென்றே ஒரு வசதி வந்திருந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று மாற்றினேன்.

தொழிற்சாலைக் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. அதில் ஏறும் கடைசிப் பைத்தான் 3.8. முந்தைய நாள் யாரோ நிரலைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஆயிரத்துக்குக் குறைந்த தொகைக்கு அந்த வரி தேவைப்படாததால் ரசீது வந்தது. ஆயிரத்தைத் தாண்டியவர்களுக்கு நின்றுவிட்டது. அதாவது, அதிகமாக இலை போட்டவர்தான் அதிக நேரம் வெயிலில் நின்றார்.

இதில் எனக்கு உறுத்துவது, நான் 3.8-ஐக் கைவிட முடிவே எடுக்கவில்லை. என் மடிக்கணினியில் 3.11 இருந்தது, அதில் ஓடியது, வெளியிட்டேன். 3.8-க்கு அப்போது இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆயுள் இருந்தது. 'இது குறைந்தது 3.9-ல்தான் ஓடும்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதும். பைத்தான் நிரல்களை இறக்கி நிறுவித் தரும் பிப் என்ற கருவி, அதன் 9-ம் பதிப்பு வந்த 2016-லிருந்தே அந்த வரியைப் பார்த்துவிட்டு, பழைய பைத்தான்காரருக்குப் பழைய வெளியீட்டை அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

அப்புறம் வந்தது குற்ற உணர்ச்சி. 2024 அக்டோபரில் பைத்தான் குழுவே 3.8-ன் பராமரிப்பை முடித்துவிட்டது. நான் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். சோதனைக்கு நான் நம்பியிருந்த கருவிகள் ஒவ்வொன்றாக 3.8-ஐ விட்டன. அவற்றின் பழைய பதிப்புகளைத் தேடிக் கட்டிவைத்தே ஞாயிற்றுக்கிழமைகள் போயின. லட்சம், கோடியில் வரும் பிழையைத் திருத்தச் சொல்லி ஒருவர் நான்கு மாதம் காத்திருந்தார். அவர் பதிப்பு 3.12.

இரண்டு பக்கமும் அடிபட்ட பிறகு என் கருத்து இதுதான்: சம்பளம் இல்லாமல் பராமரிப்பவர், மொழி ஒரு பதிப்பை எந்த நாளில் விடுகிறதோ அந்த நாளில் தானும் விட்டுவிடலாம். அதற்கு முன்னால் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். பைத்தானுக்கு இந்தக் கணக்கு எளிது. ஒவ்வொரு அக்டோபரிலும் ஒன்று பிறக்கிறது, ஐந்து வயதான ஒன்று முடிகிறது. 2020-ல் வந்த 3.9 2025-ல் முடிந்தது. பைத்தானில் எண் கணக்குகளுக்குப் பலரும் பயன்படுத்தும் நம்பை என்ற திட்டத்துக்காரர்கள் இன்னும் அவசரக்காரர்கள், 3.9-ஐ 2024-லேயே விட்டுவிட்டார்கள். அத்தனை பெரிய திட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். முப்பது பேர் பயன்படுத்தும் என் நிரலுக்கு அவ்வளவு அவசரம் எதற்கு?

"பாவம், பழைய கணினிக்காரர்கள்" என்பார்கள். யார் அவர்கள் என்று பாருங்கள். ரெட் ஹேட் 8 என்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு 2029 வரை பைத்தான் 3.6-க்குப் பராமரிப்பு உண்டு, காசு கொடுத்து வாங்கியது. அவர்களுக்காக நான் ஞாயிற்றுக்கிழமையைத் தர வேண்டியதில்லை. தள்ளிப்போட்டால் மாறிவிடுவார்கள் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பைத்தான் 2.7-க்கு முதலில் குறித்த முடிவு 2015. பிறகு 2020 ஆக்கினார்கள். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் 2019 தீபாவளிக்கு அப்புறம்தான் அந்தக் கோப்புகளைத் திறந்தே பார்த்தோம்.

எங்கள் வீட்டு அரை ஏக்கரில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கிளையோடு வெட்டிவிடுவது. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும், பறிக்கக் கை எட்டாது. ஆனால் அப்பா எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வெட்டமாட்டார், இந்த வருடம் மேல் பாத்தி என்றால் அடுத்த வருடம் கீழ்ப் பாத்தி. வெட்டுகிற செடியிலும் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விடுவார். புதுத் துளிர் வரும்வரை வேருக்குச் சாப்பாடு அதிலிருந்துதான்.

நானும் அப்படி ஒரு கிளை விட்டிருக்கிறேன். 3.8-ல் ஓடும் கடைசி வெளியீட்டுக்கு இன்னும் ஒரு வருடம், தொகை தப்பாக வரும் பிழையை மட்டும் திருத்துவேன். புது வசதி எதுவும் அதற்கு வராது. 3.10-ஐ 2026 அக்டோபரில் விடப்போகிறேன் என்பதை இப்போதே முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

விடுவதற்கு முன் கணக்குப்பிள்ளை அண்ணனுக்கும் போன் செய்தேன். "புதுசு ஏதும் வேணாம் தம்பி, இருக்கிறது ஓடினா போதும்" என்றார். ஓடுகிறது. போன பட்டுவாடாவில் ஒருவருக்கு 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது' என்று ரசீது வந்ததாம். ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்கக் கூடாதா என்று அவர் சண்டை போட்டிருக்கிறார்.