தேய்த்த சட்டையும் ஒரு சைக்கிளும்

பாளையங்கோட்டை ரோட்டில் இப்போது சைக்கிள் மிதிக்கிற பெரியவர்களை ரெண்டே வகையில் அடக்கிவிடலாம். முதல் வகை விடிவதற்கு முன்னால் கிளம்பும். உடம்போடு ஒட்டின உடுப்பு, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மோட்டார் பைக்கை விட விலை கூடின கியர் சைக்கிள். ஏழு மணிக்கெல்லாம் வீடு திரும்பி, குளித்துவிட்டுக் காரில் ஆபீஸ் போய்விடுவார்கள். ரெண்டாவது வகை, வேறு வழியில்லாமல் மிதிப்பவர்கள். கொத்து வேலைக்குப் போகிறவர், கேரியரில் டீ கேன் கட்டியவர், ராத்திரி வாட்ச்மேன் வேலை முடிந்து திரும்புகிறவர்.

நடுவில் ஒருத்தர் இருந்தார். தலையைப் படிய வாரி, தேய்த்த சட்டையும் வேட்டியுமாக, காலை ஒன்பதரைக்குக் கோர்ட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பாங்கிக்கோ சைக்கிளில் போனவர். அவரைத்தான் காணோம். ஸ்கூட்டர் வந்தது, லோன் வந்தது, சரி. ஆனால் நன்றாக உடுத்துகிறவனும் சைக்கிளில் போவான் என்கிற நினைப்பையும் அவர் கையோடு கொண்டுபோய்விட்டார். என் ஆதங்கம் அதுதான்.

(பள்ளிப் பிள்ளைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அரசாங்க சைக்கிள் இருக்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் அது வீட்டுச் சுவரில் சாய்ந்துவிடும்.)

வேடிக்கை என்னவென்றால், நாம் தொலைத்த அந்த ஆளை வெளிநாட்டில் விழா எடுத்துக் கொண்டாடுகிறார்கள். லண்டனில் 2009இல் ட்வீட் ரன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ட்வீட் என்பது கம்பளி நூலில் நெய்த முரட்டுத் துணி. அந்தக் காலத்துக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பழைய சைக்கிளில் கூட்டமாக ஊரைச் சுற்றுவார்கள். வேகம் கிடையாது, நடுவில் டீ உண்டு. கோபன்ஹேகனில் மிக்கேல் கோல்வில் ஆண்டர்சன் என்பவர் 2006இல், சிக்னலில் சைக்கிளோடு நின்ற ஒரு பெண்ணைப் படம் எடுத்தார். வழக்கமாக வெளியே போகிற உடுப்பில்தான் அந்தப் பெண் இருந்தார். அதிலிருந்துதான் சைக்கிளும் நல்ல உடுப்பும் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. எனக்குக் கோபன்ஹேகன்தான் ஒரு பங்கு கூடப் பிடிக்கும். லண்டன்காரர்கள் வேஷம் கட்டுகிறார்கள். இந்தப் பெண் தன் ஜோலியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

நம்மூர் ஆட்கள் இதில் பிடித்துக்கொண்டது வேஷத்தை. குறுக்குத்துறைப் பக்கம் ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்திரை வெயில். மாப்பிள்ளைக்குத் தோளில் வார், தலையில் துரைமார் தொப்பி. பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த பழைய சைக்கிள், ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பூக்கூடை. ரெண்டு டயரிலும் காற்று இல்லை, செயினே இல்லை. 'ஏலே, வேட்டிய கட்டிட்டு நில்லுலே, மாப்பிள்ள மாதிரி இருப்ப' என்று வாய் வரைக்கும் வந்தது.

அந்தச் சைக்கிளே வேட்டிக்காரனுக்குத் தோதானதுதானே. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் ஹெர்குலிஸ், மேற்கு வங்காளத்து அசன்சோலில் செய்த ராலி எல்லாமே இங்கிலாந்து வார்ப்புதான். 28 இஞ்ச் வீல், நிமிர்ந்து உட்காரத் தோதான ஹேண்டில்பார், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற கம்பி பிரேக். முழுக் கவர் போட்ட மாடலில் செயின் வெளியிலேயே தெரியாது. இந்தக் கவர்தான் விஷயமே. வேட்டியில் கிரீஸ் படாது.

என் பெரியப்பா சைக்கிள் ஏறுவதைப் பார்க்க வேண்டும். வேட்டி நுனியை ஒரு தூக்குத் தூக்கி இடுப்பில் சொருகுவார். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் ரெண்டு தத்துத் தத்துவார். வண்டி உருண்டதும் அந்தக் காலைப் பின்பக்கமாக வீசி சீட்டில் அமர்ந்தால் மடிப்பு கலைந்திருக்காது. இறங்குவது இன்னும் அழகு. வண்டி நிற்பதற்கு முன்பே காலை எடுத்து, ஓடுகிற வண்டியிலிருந்து அப்படியே நடையாக இறங்குவார். பேண்ட் போட்டவர்களுக்கு ஒரு கிளிப் இருந்தது. வளைந்த எஃகுப் பட்டை, வலது கணுக்காலில் கவ்வி நிற்கும். செயின் அந்தப் பக்கம்தானே. பெல்பாட்டம் வந்தபோது அத்தனை துணியும் கிளிப்புக்குள் அடங்காமல் செயினுக்குத் தீனியானது தனிக் கதை.

பெண்கள் விஷயத்தில் உடுப்புச் சண்டை இன்னும் பழசு. உடம்பை இறுக்கும் உடைகள் வேண்டாம் என்று லண்டனில் 1881லேயே ஒரு சங்கம் கண்டார்கள். பின்னால் சைக்கிள் பரவியதும் அந்தப் பேச்சு தெருவுக்கே வந்துவிட்டது. நம் பக்கம் புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். புது உடுப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு ஏறி மிதித்தார்கள். மிடுக்கு என்றால் எனக்கு அதுதான்.

வேர்க்குமே என்பீர்கள். வேர்க்கும். பருத்தியில் சட்டை தைத்து, யாரையும் முந்தாமல் மிதித்தால் அவ்வளவாக வேர்க்காது. லண்டன் குளிருக்குக் கம்பளி, நம் வெயிலுக்குப் பருத்தி, அவ்வளவுதான். ஆனி, ஆடியில் மேற்கே டவுணுக்குப் போகும்போது மேல்காற்று முகத்தில் அறையும், அதை ஒத்துக்கொள்கிறேன். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். வண்ணார்பேட்டையில் பஸ்காரர்கள் அடிக்கிற ஹாரனுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

வெயிலை விட மரியாதைதான் பெரிய சிக்கல். ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில், என் சட்டையைப் பார்த்து 'வாங்க சார்' என்ற காவலாளி, கையில் சைக்கிளைப் பார்த்ததும் 'இங்க போடக் கூடாது' என்றார். அவர் மேல் குற்றமில்லை, கடை சொன்னதைச் சொல்கிறார். ஆனால் 'சார்' என்று கூப்பிட்டதை வாபஸ் வாங்குவதா வேண்டாமா என்று அவர் ஒரு நிமிஷம் முழித்தார் பாருங்கள், அந்த முழி ஊரில் நாலு வாசலில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு நாலு பேர் நன்றாக உடுத்திக்கொண்டு பத்து மணி ரோட்டில் மிதித்தால் போதும்.

அப்புறம் ஒரு சொந்த வேலை. என் ஹெர்குலிஸுக்கு முன் பிரேக் கம்பி போய்விட்டது. 'இதுக்கு இப்பம் யாரு சாமான் வச்சிருக்கா அண்ணாச்சி, கேபிள் பிரேக்கா மாத்திருவமா?' என்கிறார் கடைக்காரர். மாற்ற எனக்கு மனமில்லை. மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் பக்கம் பழைய கடை எதிலாவது கம்பி கிடந்தால் சொல்லுங்கள். கூடவே கணுக்கால் கிளிப் ஒன்று கண்ணில் பட்டாலும் எடுத்து வையுங்கள், வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.