பேக்கர் நடந்த பாதையில் சுமை தூக்கியது யார்?

இலங்கை மலைநாட்டில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற எல்லோரும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பேக்கர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர். இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் வேட்டை நாய்களையும் கப்பலில் வரவழைத்துப் பண்ணை போட்டார், நம் காடுகளில் யானை வேட்டையாடினார், 1855இல் கிளம்பிப் போனார். பிறகு நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போய், 1864இல் ஒரு பெரிய ஏரிக்கரையில் நின்று அதற்கு விக்டோரியா மகாராணியின் இறந்துபோன கணவர் ஆல்பர்ட்டின் பெயரை வைத்தார். அதற்காக லண்டனில் தங்கப் பதக்கமும் சர் பட்டமும் கிடைத்தன. கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடித்துவிடப்படுகிறது. ஆனால் அதே பேக்கர் பிறகு எகிப்திய ஆட்சியாளருக்காகப் படையோடு திரும்பிப் போனார். 1872இல், இன்றைய உகண்டாவில் உள்ள மசிந்தி என்ற ஊரில் நின்று, புன்யோரோ நாடு இனி எகிப்துக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அந்நாட்டு அரசர் கபலேகா ஏற்கவில்லை. சண்டை மூண்டது. பேக்கர் ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் பின்வாங்கினார். கபலேகாவைப் பிற்பாடு 1899இல் பிரித்தானியர் பிடித்து சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தினார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்குக் கொண்டுபோன அதே வழிமுறைதான்.

இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் உலகப் பண்பாடுகள், கடற்பயணங்கள், ஏகாதிபத்தியம் பற்றி ஒரு பாடம் படிக்கிறேன். கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மகெல்லன், லிவிங்ஸ்டன் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. படிக்கப் படிக்க எனக்குள் ஒரே கேள்விதான் பெரிதாகிக்கொண்டு போகிறது. இவர்களுடைய சாமான்களைச் சுமந்தது யார்? வழி காட்டியது யார்? சோறு பொங்கியது யார்? தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. என் அம்மாயி முதுகில் கொழுந்துக் கூடையோடு மலையேறிய பெண். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒரு மாபெரும் பயணத்தின் கதையைப் படித்தால், கண் முதலில் பல்லக்கில் இருப்பவரிடமா போகும்? தூக்குகிறவரிடம்தான் போகும்.

மகெல்லன் கப்பலில் என்ரிக்கே என்று ஒருவர் இருந்தார். மலாக்காவில் அடிமையாக்கப்பட்டவர். உலகத்தை மேற்கே சுற்றிவந்து பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தபோது, அங்குள்ளவர்களிடம் பேசிப் புரியவைக்க அவர்தான் தேவைப்பட்டார். 1521இல் மக்தான் தீவுச் சண்டையில் மகெல்லன் கொல்லப்பட்டார். தான் இறந்தால் என்ரிக்கேக்கு விடுதலை என்று அவர் எழுதி வைத்திருந்தும், மிஞ்சிய தலைவர்கள் விட மறுத்தார்கள். உலகத்தைக் கிட்டத்தட்ட முழுதாகச் சுற்றி முடித்த முதல் மனிதர் அவராகவே இருக்கக்கூடும். ஆனால் நீரிணைக்குப் பெயர் மகெல்லன்.

இதில் இப்ன் பதூதாவை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். 1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, சிவனொளிபாதமலைக்கு ஏறப் போன மொரோக்கோ நாட்டுப் பயணி. அந்த அரசர் தன்னோடு யாரையெல்லாம் அனுப்பினார் என்று அவர் சொல்லியிருக்கிறார்: பல்லக்குத் தூக்க ஆட்கள், வருடந்தோறும் மலைக்குப் போகிற 4 யோகிகள், 3 பிராமணர்கள், அரசரின் ஆட்கள் 10 பேர், உணவுப் பொருள் சுமக்க 15 பேர். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் எண்ணிச் சொன்னார். தன்னால் தனியாக ஏற முடியவில்லை என்பதை மறைக்கவில்லை. அறுநூறு வருடத்துக்கும் முந்தைய ஒரு பயணக் குறிப்பில் அந்த 15 பேரைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, நம் மலைக்கு வருவோம். ஹக்கல பூங்காவுக்குப் பாடசாலைச் சுற்றுலா போகாத மலையகப் பிள்ளை குறைவு. என்னையும் கூட்டிப்போனார்கள். ரோஜாப் பூக்களைக் காட்டினார்கள், பக்கத்தில் சீதையம்மன் கோயிலில் கும்பிட்டோம், சோற்றுப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். அந்தப் பூங்கா 1861இல் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் மரம் சிங்கோனா. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து எடுத்தார்கள். அந்த மருந்து இல்லாமல் ஐரோப்பியப் படைகளும் அதிகாரிகளும் ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலோ இந்தியாவின் காட்டுப் பகுதிகளிலோ அந்த அளவுக்குத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. அதனால்தான் பிரித்தானிய அரசு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை 1860இல் ஆண்டிஸுக்கு அனுப்பி, அந்த நாடுகள் பொத்திவைத்திருந்த செடிகளையும் விதைகளையும் எடுத்துவரச் செய்தது. நீலகிரியிலும் ஹக்கலவிலும் அவை நடப்பட்டன.

இந்தச் சிங்கோனாக் கதையில் எனக்கு மறக்க முடியாத மனிதர் மார்க்கம் இல்லை. பொலிவியாவைச் சேர்ந்த மானுவேல் இங்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர். எந்த மரத்தின் பட்டையில் மருந்து அதிகம் என்று பார்த்தே சொல்லக்கூடியவர். சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகருக்காக மிகச் சிறந்த மரங்களின் விதையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்த விதை 1865இல் லண்டனுக்குப் போனது. பிரித்தானிய அரசு வாங்க மறுத்தது, ஒல்லாந்தர் வாங்கினார்கள். ஜாவாத் தீவின் சிங்கோனாத் தோட்டங்கள் அந்த விதையால்தான் உலகச் சந்தையைப் பிடித்தன. மாமானியைப் பிற்பாடு சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியிலேயே செத்துப்போனார். அந்த மர வகைக்குத் தாவரவியலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? லெட்ஜரியானா.

அதே காலத்தில்தான் நம் ஆட்கள் மண்டபம், இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியில் வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிக் கூட்டிவந்தார்கள் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். வழியில் மலேரியாவிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் மேலே போனது. காய்ச்சல் மருந்துக்கான மரம் கடல் தாண்டி, கண்டம் தாண்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக நம் மலைக்கு வந்து சேர்ந்தது. மலையை வெட்டித் திருத்த வந்த மனிதர் காய்ச்சலில் பாதையோரம் கிடந்தார். ஒரு செடியின் பயணத்துக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசி மனிதரின் பயணத்துக்குக் கிடைக்கவில்லை. ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் நான் இதைத்தான் எழுதுவேன்.

யோசித்துப் பாருங்கள், நம்மைச் சுற்றி இருப்பதில் எது இந்த மண்ணுக்குச் சொந்தம்? கோப்பி எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. தேயிலை அசாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தது. விறகுக்கு வெட்டுகிற யூக்கலிப்டஸ் அவுஸ்திரேலியாவுடையது. நுவரெலியா உருளைக்கிழங்கின் தாய்வீடும் ஆண்டிஸ்தான். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், 1869இல் கோப்பியில் நோய் பிடித்ததும், தேயிலை மலை முழுவதும் பரவியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. டெய்லர் 1892இல் இறந்தபோது, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு கூட்டம் மாறி மாறி அவர் பெட்டியைத் தோட்டத்திலிருந்து கண்டி வரைக்கும் சுமந்து போனதாகச் சொல்வார்கள். மகியாவையில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. சுமந்த 24 பேருக்கு?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1840இல் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டத்தின்படி, உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடும், காடு வெட்டி மாறி மாறிப் பயிரிடுகிற சேனை நிலமும் அரசுக்குச் சொந்தமாயின. அவை துரைமாருக்கு விற்கப்பட்டன. இழந்தவர்கள் கண்டிச் சிங்கள விவசாயிகள். பறித்த மண்ணில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பறித்தவன் கப்பலேறிப் போய்விட்டான், பறிகொடுத்தவனும் பிடித்து வரப்பட்டவனும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறோம். 1948 குடியுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு பிரதமர்கள் பேசி முடித்த 1964 ஒப்பந்தமும் இந்த முறைப்பின் மேல்தான் கட்டப்பட்டன. நம்மைக் கூட்டிவந்து கடன் கணக்கு எழுதிய கங்காணியும் வெள்ளைக்காரன் இல்லை. நம் ஊர்க்காரன், பல நேரம் சொந்தக்காரன். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் சொல்வது அரைக்கதை.

இப்போது எழுதப்போவது சில நண்பர்களுக்குக் கோபத்தை வரவழைக்கும். பரவாயில்லை. என் முகநூல் முழுக்கக் கடாரம் கொண்டான் பதிவுகள். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்துத் துறைமுகங்களைத் தாக்கின என்பது கல்வெட்டில் உள்ள வரலாறு. அந்தக் கடலறிவு எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்குச் சில வருடம் முன்னால், 1017 அளவில், அதே படை இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துப் போனது. விகாரைகள் கொள்ளையடிக்கப்பட்டன. அவன் சோழநாட்டுச் சிறையிலேயே இறந்தான். விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்குக் கொண்டுபோனதற்கு வருந்துகிற நாமே, மகிந்தனைத் தஞ்சைப் பக்கம் கொண்டுபோனதற்குக் கைதட்டுகிறோம். இது எப்படி நியாயம்? சோழர் நம்மைப்போல் லட்சக்கணக்கானவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் கட்டிப்போடவில்லை, உண்மைதான். இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியை எல்லோரிடமும் கேட்க வேண்டும். சீனத்துக் கடற்படைத் தளபதி செங் ஹேயிடமும் கேட்க வேண்டும். காலியில் 1911இல் கிடைத்த அவருடைய கல்வெட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயில் கடவுளுக்குக் கொடுத்த பொன்னையும் வெள்ளியையும் பட்டையும் பட்டியல் போடுகிறது. படிக்க அழகாக இருக்கும். 1411இல் அதே தளபதி இங்கு ஆட்சி செய்த அழகக்கோனாரைக் குடும்பத்தோடு சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதையும் சேர்த்துப் படியுங்கள்.

என் வாதம் இதுதான்: மலையகத்துப் பிள்ளைக்கு உலக வரலாறு லிஸ்பனில் தொடங்க வேண்டியதில்லை, காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் தொடங்கலாம். கொழுந்து நிறுக்கிற தராசிலிருந்து அசாமுக்கும் லண்டன் ஏலத்துக்கும் போகலாம். ஹக்கலவிலிருந்து பொலிவியாவுக்கும், பேக்கர் நீர்வீழ்ச்சியிலிருந்து உகண்டாவுக்கும் போகலாம். இந்தப் பாடத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கிற கடற்பயணங்களின் ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது பெரிய வீண்.

மொரிஷியஸில் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கப்பலிலிருந்து ஏறிய படிக்கட்டை, ஆப்ரவாசி காட் என்ற அந்த இடத்தை, 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. 2010இல் நம் மத்திய மலைநாடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதில் ஹோர்ட்டன் சமவெளி இருக்கிறது, சிவனொளிபாதக் காடு இருக்கிறது, நக்கிள்ஸ் இருக்கிறது. மரத்துக்கும் தவளைக்கும் கிடைத்த மரியாதை நியாயமானது, எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்குமான நம் நடைபாதை எந்தப் பட்டியலில் இருக்கிறது? 2023இல், நம் ஆட்கள் மலைக்கு வந்த 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் நடந்தார்கள். அந்த நடையில் மதகுருமாரும் பெண்களும் இளைஞர்களும் இருந்தார்கள். அது நல்ல தொடக்கம். ஆனால் நடந்தவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், எங்கே தங்கினார்கள், யார் எங்கே விழுந்தார்கள் என்ற விவரம் நம்மிடம் மிகக் குறைவு. துரைமார் நாட்குறிப்பும் கடிதமும் எழுதி வைத்தார்கள், ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது. நம் பக்கத்துச் செய்தி வயதானவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய துண்டுத் தகடு (தொழிலாளருக்குக் கொடுத்த அடையாளத் தகடு), பற்றுச்சீட்டு, கடவுச்சீட்டு, தோட்டத்துப் பதிவு எதுவாக இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். அம்மாயி, அப்பாயி, தாத்தாவிடம் கேளுங்கள்: நம் ஆட்கள் எந்த ஊர், எந்தக் கங்காணி கூட்டிவந்தார், எந்தத் துறையில் இறங்கினார்கள், முதலில் எந்தத் தோட்டம், வழியில் யாரை இழந்தார்கள். நான் எங்கள் தோட்டத்தில் தொடங்கிவிட்டேன். ஒப்பந்தத்தில் பிரிந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்த நம் உறவுகளும் இதில் சேர வேண்டும், பாதிக் கதை அவர்களிடம் இருக்கிறது. எழுத வராதவர்கள் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புங்கள், நானே தட்டச்சு செய்து உங்கள் வீட்டுப் பெயரோடு திருப்பி அனுப்புகிறேன்.