கூத்துக்கு ஃபிளட் லைட் வேணாங்க

தெருக்கூத்துன்னா வெறும் சத்தம், கண்ணு பேசுற கலைன்னா அது கேரளாவோட கதகளிதான்னு ஒரு பேச்சு நம்ம பக்கம் ரொம்ப நாளா ஓடுது, நல்லா படிச்சவங்களே சொல்றாங்க, கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

கதகளி பெரிய கலைதான், அதுல சந்தேகமே இல்ல. கேரளாவுக்குள்ள இருக்கிற நம்ம புதுச்சேரி மாஹே பக்கம் போனா வேஷம் கட்டுறதைப் பாருங்க. ஆடுறவர் மல்லாந்து படுத்திருப்பார், சுட்டி போடுறவர் அரிசி மாவுக் குழம்பும் பேப்பரும் வச்சு தாடை ஓரமா வெள்ளையா வளைவு கட்டுவார், மணிக்கணக்கா ஆகும். முகம் பச்சைன்னா நளன், தர்மர் மாதிரி ஆளுங்க, அதே பச்சையில கன்னத்துல செவப்பா கத்தி வரைஞ்சு மூக்கு நுனியில வெள்ளை உருண்டை ஒட்டுனா ராவணன், துரியோதனன். கடைசியா சுண்டைப்பூவுலேந்து எடுத்த ஒரு சின்ன துணுக்கை கண்ணுக்குள்ள கீழ் இமையில வைப்பாங்க, வெள்ளை முழி செவந்துடும். ஏன்னா பழைய வழக்கப்படி எதிர்ல எரியிறது ஒரே ஒரு குத்துவிளக்கு, அந்த வெளிச்சத்துல பச்சை முகத்துக்கு நடுவுல செவந்த கண்ணுதான் தனியா தெரியும். கதகளிக்கும் முந்தின கேரள சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்துல மாணி மாதவ சாக்கியார்னு ஒரு மகான் இருந்தார், 1990ல காலமானார், உடம்பை அசைக்காம கண்ணாலயே கதை சொல்லிடுவார்னு பேர் வாங்குனவர்.

சரி, நம்ம கூத்துக்கு வாங்க. பாகூர் பக்கமோ பண்ருட்டி பக்கமோ திரௌபதியம்மன் கோயில் திருவிழாவுல விடிய விடிய ஆடுறாங்களே, அங்க துரியோதனனுக்கு ஏன் முகம் பூரா செவப்பு, கண்ணைச் சுத்தி ஏன் அவ்ளோ தடிமனா மை, அதை ஒட்டி ஏன் வெள்ளைக் கோடும் புள்ளியும்? தீவட்டி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கிற பாட்டிக்கும் கண்ணு தெரியணும், அதுக்குத்தான். இதுவும் கணக்குதான், அறிவுதான்! வேஷம் கட்டுனவர் திரைக்குப் பின்னாடி நின்னு பாடிக்கிட்டே இருப்பார், நமக்கு கிரீடமும் காலும் மட்டும் தெரியும், திரை விலகுற அந்த நொடியில மொதல்ல வந்து விழுறது அந்த ரெண்டு கண்ணு.

இப்ப என்ன பண்றோம்? எல்இடி ஃபிளட் லைட்டை நேரா மூஞ்சியில அடிக்கிறோம். நெழலே இல்ல, செவப்பு வெளிறிப் போகுது, ஆடுறவர் கண்ணைச் சுருக்கிக்கிட்டே ஆடுறார், துகில் உரியிற கட்டத்துல பாஞ்சாலி சபையில ஒவ்வொருத்தரையா நிமுந்து பார்ப்பாளே, உசுரே அந்தப் பார்வையிலதான் இருக்கு, அது தெரியாமலே போயிடுது. அப்புறம் கூத்துல முகபாவம் இல்லன்னு நாமளே சொல்றோம், இது நியாயமா?

நாட்டிய சாஸ்திரம் பார்வையை மட்டும் 36 வகையா பிரிச்சு வச்சிருக்கு. சிதம்பரம் கோபுரத்துல கரணம்னு சொல்ற 108 நடன நிலையும் கல்லுல நிக்குது, கையும் காலும் அப்படியே இருக்கு, ஆனா பார்வை நகர்றதை எந்தச் சிற்பியாலும் செதுக்க முடியாது, அது ஆடுற மனுஷங்ககிட்ட மட்டும்தான் உசுரோட இருக்கு.

திருவிழா கமிட்டில இருக்கிறவங்களுக்கு இது என் வேண்டுகோள். லைட்டைக் குறைங்க, பக்கவாட்டுல மஞ்ச வெளிச்சமா வைங்க. வேஷம் கட்ட ஒரு நல்ல ரூம், பெரிய கண்ணாடி, ஃபேன் குடுங்க, சாயங்காலமே வரச்சொல்லி சாப்பாடு போடுங்க, அவசரத்துல அரிதாரம் பூச வைக்காதீங்க. பாக்க வர்றவங்க சேரை அவ்ளோ தூரத்துல போடாம முன்னாடி வந்து பாய்ல உக்காருங்க, செல்போன் டார்ச்சை மட்டும் ஆடுறவங்க மூஞ்சியில அடிக்காதீங்க.