யுபிஐ ஃப்ரீன்னு யாரு சொன்னா?

யுபிஐக்கு சார்ஜ் போடப்போறாங்கன்னு வாட்ஸப்புல ஒரு ஃபார்வர்டு வந்தா போதும், குடும்ப குரூப்பே கொந்தளிச்சிடும். 2023 ஏப்ரல்லயும் இதான் நடந்துச்சு. வாலட்ல (ஆப்ல முன்கூட்டியே போட்டு வைக்கிற காசு) இருந்து கடைக்குப் போற 2,000 ரூபாய்க்கு மேல உள்ள பணத்துக்கு மட்டும் 1.1% வரைக்கும் கட்டணம், அதுவும் கடைக்காரர் பக்கம் பிடிக்கிறது, நம்ம பேங்க் அக்கவுண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா யாரு படிச்சா. 2025 ஜூன்ல மறுபடி வதந்தி, நிதி அமைச்சகமே வந்து அதெல்லாம் பொய்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

சரி, சார்ஜ் இல்ல. அப்ப செலவு யாரு தலையில?

2020 ஜனவரி 1ல இருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் கிடையாது, அதாவது கார்டு தேய்ச்சா கடைக்காரர்கிட்ட பிடிக்கிற கமிஷன் சுத்தமா ஜீரோ. அதை ஈடுகட்ட ஒன்றிய அரசு பேங்குகளுக்கு ஊக்கத்தொகை குடுக்குது. 2021-22ல 1,389 கோடி, அடுத்த வருஷம் 2,210, அதுக்கடுத்து 3,631. ஏறிட்டே வந்துச்சா, 2024-25க்கு 1,500 கோடி போதும்னு முடிச்சிட்டாங்க (முன்னாடி ரூபேயும் சேர்ந்த கணக்கு, இது யுபிஐக்கு மட்டும், அதையும் சொல்லிடணும்). ஆனா அந்த வருஷம் யுபிஐல நடந்த பரிவர்த்தனைகளோட எண்ணிக்கை 18,000 கோடிக்கு மேல, முந்தின வருஷத்தைவிட 40% கூட.

இந்த 1,500 கோடியும் சின்ன கடைக்கு, 2,000 ரூபா வரைக்கும் போற பேமெண்டுக்கு மட்டும்தான், அதுல 0.15%. 15 ரூபா டீக்கு கணக்கு போடுங்க, ரெண்டேகால் பைசா! அதை நம்ம பேங்க், கடைக்காரர் பேங்க், ஆப், ஆப்புக்குப் பின்னாடி இருக்கிற பேங்க்னு நாலு பேரு பங்கு போடணும். இதுல எனக்குப் பிடிச்ச ஒரே விஷயம், 20% காசை நிறுத்தி வச்சு, சர்வர் ஒழுங்கா ஓடுனா, பேமெண்ட் ஃபெயிலாகாம இருந்தா மட்டும் குடுக்கிறது. மத்த அரசு மானியத்துக்கும் இப்படி ஒரு கண்டிஷன் வச்சா நல்லாருக்கும், விடுங்க அது வேற கதை.

பத்தாத காசு எங்கருந்து வருது? டீக்கடை அண்ணன் அந்த சவுண்ட் பாக்ஸுக்கு மாசாமாசம் வாடகை கட்டுறாரு, உங்க ஆப்பைத் திறந்தா லோன் வேணுமா லோன் வேணுமான்னு கேட்டு உயிரை எடுக்குது, அங்கருந்துதான். இன்னொன்னு, நஷ்டத்துலயே ஓட்ட பெரிய கம்பெனிக்குத்தான் முடியும். ஃபோன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து யுபிஐ பரிவர்த்தனைல 80% பக்கம் பிடிச்சு வச்சிருக்காங்க. ஒரு ஆப்புக்கு 30% தான்னு 2020லயே யுபிஐயை நடத்துற என்பிசிஐ ரூல் போட்டுச்சு, தள்ளித்தள்ளி இப்ப 2026 கடைசின்னு நிக்குது. சம்பாதிக்க வழியே இல்லாத தொழில்ல புதுசா யாரு வந்து போட்டி போடுவா?

என் கருத்து இதான்: பெரிய கடைங்க, மால், ஆன்லைன் கம்பெனிங்ககிட்ட 0.3% வாங்கலாம், பேமெண்ட் கம்பெனிங்க சங்கம் கேட்டதும் அதான். கிரெடிட் கார்டுக்கு 2% பக்கம் வாய் திறக்காமக் கட்டுறவங்கதானே. விலையில ஏத்திடுவாங்கம்பீங்க, கார்டு கமிஷன் மட்டும் இப்ப விலையில இல்லாமலா இருக்கு.

சின்ன கடைக்கு மட்டும் கை வைக்கவே கூடாது. 2025 ஜூலைல கர்நாடகாவுல யுபிஐ வரவை வச்சு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும் பெங்களூருல கடைக்காரங்க கியூஆர் கோடைக் கிழிச்சுட்டு கேஷ் மட்டும்னு போர்டு வச்சாங்களே, ஒரு பயம் வந்தா அவ்ளோ சீக்கிரம் திரும்பிடுவாங்க. அவங்க பங்கை அரசுதான் கட்டணும், அதுவும் வருஷம் முடியப்போற நேரத்துல அறிவிக்காம, மூணு வருஷத்துக்கு இவ்ளோன்னு முன்னாடியே சொல்லிட்டு.

அடுத்த பட்ஜெட் அன்னிக்கு இன்கம்டாக்ஸ் ஸ்லாப் பாத்து முடிச்சதும் இந்த ஊக்கத்தொகைக்கு எவ்ளோ ஒதுக்கிருக்காங்கன்னும் தேடிப் பாருங்க. 2025-26 பட்ஜெட்ல முதல்ல போட்டிருந்தது 437 கோடி.